மணக்குது என்று தவமணி சொன்னபோது

அக்கா,

இன்று காலை அரிசி மூட்டைகளை நகர்த்தும்போது உங்கள் அலுமினிய பேசின் அகப்பட்டது. ஒரு பக்கம் நசுங்கி, அடியில் செதில் ஒட்டிக் காய்ந்து கிடந்தது. அதைக் கழுவப் போன பெண்ணிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்துவிட்டேன். அப்புறம் நானே உட்கார்ந்து தேய்த்தேன். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் இதையெல்லாம் எழுத எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

நான் முதன்முதல் எண்ணூர்க் குப்பத்துக்கு வந்த நாளில், உணவுப் பாதுகாப்புத் திட்டம், வறுமை ஒழிப்பு என்று என்னென்னவோ பேசினேன். இலங்கையிலிருந்து வந்து பழைய குடோனுக்குப் பின்னால் வாடகைக்கு இருக்கும் அகதிக் குடும்பங்களுக்கும், குப்பத்து மீனவக் குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே சமையற்கூடம் என்றேன். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீங்கள் மட்டும் மீன் கூறு போட்டுக்கொண்டே கேட்டீர்கள். "அவுங்களுக்குச் சோறு போடு, வேணான்னு சொல்லல. கம்பெனிக் கழிவு கலக்குதுன்னு எங்க ஆத்து மீன இப்ப எவனும் வாங்க மாட்டேன்றான். அத்த நீ வாங்குவியா மே?"

வாங்குவேன் என்றேன். அந்த ஒரு வார்த்தையில்தான் சமையற்கூடம் எழுந்தது. குப்பத்து மீன், அகதிப் பெண்களின் சமையல், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் சாப்பாடு. காலடிப்பேட்டையில் மளிகைக் கடைக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்? எது உலைக்குப் போகலாம், எது கூடாது என்று நீங்கள் சொன்னதுதான் சட்டம்.

அந்தப் பகல் நினைவிருக்கிறதா? அகதிக் குடும்பத்துத் தவமணி சமையலுக்குச் சேர்ந்த புதிது. மடவை மீனைக் கழுவ எடுத்தவள் உங்களைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, மீன் மணக்குது" என்றிருக்கிறாள். உங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. "மணக்காம இன்னா? எங்க ஆத்து மடவ மே அது. போடு குழம்புல" என்றிருக்கிறீர்கள். இவ்வளவு அனுபவம் உள்ளவரே சொல்லும்போது நாம் யார் மறுக்க என்று அவளும் போட்டுவிட்டாள்.

நான் உள்ளே நுழைந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. புளியையும் மிளகாயையும் மீறி மண்ணெண்ணெய் மாதிரி ஒரு எண்ணெய் நெடி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்தாயிற்று. நான் கத்திய கத்தலில் பாதிப் பிள்ளைகள் எழுந்தே ஓடிவிட்டார்கள். குழம்பு முழுவதையும் கொட்டிவிட்டு, அன்றைக்கு மோரும் ஊறுகாயும்தான் போட்டோம்.

அதற்குள் குப்பத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். "இவதான் மண்ணெண்ணெய ஊத்திட்டா. நம்ம புள்ளைங்க துன்ற சோத்துல" என்று ஒருத்தி ஆரம்பிக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தவமணி நடுங்கிப்போனாள். "நான் முந்தியே சொன்னனான், மீன் மணக்குது எண்டு" என்றாள்.

"மணக்குதுன்னா நல்லா கீதுன்னுதான அர்த்தம்?" என்று ஒருத்தி மடக்கினாள்.

"எங்கட ஊரில மணக்குது எண்டா கூடாத மணம், அக்கா."

யாரும் நம்பவில்லை. அன்றோடு சமையற்கூடத்தை இழுத்து மூடவேண்டியதுதான் என்று நினைத்தேன். அடுப்பு அணைந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு இல்லை, இரண்டு பக்கத்துக்கும். நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் பழி தவமணியோடு போயிருக்கும். ஆனால் நீங்கள் நடுவில் வந்து நின்றீர்கள். "மீன் என்னுது. போடுன்னு சொன்னதும் நான். அந்தப் பொண்ணு மேல எவளாவது வாய் வெச்சா நாஸ்தியாய்டும்" என்றீர்கள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

பிறகு குழாயடிக்கு என்னை இழுத்துப்போய்ச் சொன்னீர்கள். "எனக்கு மூக்கு செத்துப் பூட்ச்சு மே. கருவாடு, கற்பூரம் ஒண்ணும் தெரியல. கண்ணையும் செவுளையும் பார்த்துத்தான் ஓட்டிக்கினு கீறேன். வெளிய சொல்லிறாத. மூக்கு இல்லாத மீன்காரிகிட்ட எவ மீன் வாங்குவா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கண், செவுள் எல்லாம் பளபளவென்றிருக்கும் மீனிலும் எண்ணெய் நெடி இருக்குமே என்று திட்டினேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, அக்கா. தவமணியிடம் மட்டும் நீங்களே சொன்னீர்கள்.

அதற்குப்பின் தினமும் அவள் முகர்ந்து பார்ப்பாள், நீங்கள் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்பீர்கள்: "இன்னா, எங்க ஊரு மணமா, உங்க ஊரு மணமா?"

"எங்கட ஊர் மணம், அக்கா" என்று அவள் சொன்னால் அந்த மீன் ஓரமாகப் போகும். ஆரம்பத்தில் எப்போதாவது ஒன்றிரண்டு போகும். கேட்டுக் கேட்டுச் சிரிப்பீர்கள். போகப் போக ஓரக் குவியல்தான் பெரிதாக இருந்தது. நீங்கள் சிரிப்பதையும் நிறுத்திவிட்டீர்கள். உங்கள் இருமல் அப்போதுதான் ஆரம்பித்தது.

நீங்கள் போன அன்று காலை உங்கள் வாசலில் பந்தல் போட்டு உங்களைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் குப்பத்துப் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நானும் தவமணியும் தலைமாட்டில் இருந்தோம். திடீரென்று காற்று திரும்பியது. எந்த ஆலைப் புகைபோக்கியிலிருந்து வந்ததோ தெரியாது, மூக்கைக் கிழிக்கிற ஒரு நெடி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தவமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

உங்கள் நாத்தனாருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இன்னா மே, சாவு வூட்ல மூக்கப் பொத்திக்கினு குந்தினு கீற? எங்க அண்ணி நாறுதா உனக்கு?"

தவமணி என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருத்தியும் மூக்கைச் சுளிக்கவில்லை. ஒரு கையும் மூக்குக்குப் போகவில்லை. நெடி பட்டுக் கண்ணில் நீர் வழிந்தது, அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை, அக்கா. எல்லோரும் மீன் விற்கிறவர்கள். உங்களைப் போலவே ஒருத்திக்கொருத்தி மறைத்து வைத்திருந்திருக்கிறார்கள். அன்று நான் உங்களுக்காக அழுதேனா, பயத்தில் அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அதன்பிறகு திட்டத்தில் ஒரு வேலையைக் கூடுதலாகச் சேர்த்தேன். ஒவ்வொரு அகதிக் குடும்பமும் குப்பத்தில் இரண்டு வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கெட்ட காற்று வந்தால் ஓடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டும். தண்ணீரை, பாலை, மீனை முகர்ந்து சொல்ல வேண்டும். மேலிடத்தில், இது உணவுப் பாதுகாப்பில் எப்படி வரும் என்று கேட்டார்கள். வந்து ஒரு வாரம் இங்கே தங்கிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். யாரும் வரவில்லை. முதலில் முறைத்த உங்கள் நாத்தனார் இப்போது பால் வாங்கியதும் சொம்போடு தவமணியைத் தேடி வருகிறாள். ஏன் என்று அவளும் சொல்வதில்லை, இவளும் கேட்பதில்லை.

நேற்று மீன் வந்தபோது தவமணி வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள். ஒரு மீனை எடுத்தாள், வைத்தாள், திரும்பவும் எடுத்தாள். "என்ன தவமணி?" என்றேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"அக்கா, இப்ப எனக்கும் முந்தி மாதிரி மணம் பிடிபடுறேல்ல. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதைங்கோ."

நான் அவளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கூடைக்குள் முகத்தை வைத்து முகர்ந்தேன். குடலைப் பிடுங்கிக்கொண்டு நாறியது. எனக்கு இன்னும் நாறுகிறது, அக்கா.