ஸ்கேலும் முருகனும்

தொம்மலூர்
12.8.2004

என் தங்கத்துக்கு,

குத்துச்சண்டையில் தோற்றுவிட்டோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டு ஹாஸ்டலிலேயே இருக்காதே. தப்பு என்னுடையது.

உன் கை வேகத்துக்காகத் தினமும் நான் ஸ்கேலை நழுவவிட, நீ சட்டென்று பிடிப்பாயே, எத்தனை சென்டிமீட்டர் விழுவதற்குள் பிடித்தாய் என்று எழுதிவைத்த நோட்டை நேற்று புரட்டினேன். எல்லாம் பத்துக்குள்ளே, நல்ல கணக்குத்தான். சந்தேகத்தில் உன் அப்பாவையும் ஸ்கேலைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். முதலில் ஒன்பது. அடுத்த முறை, பால் பொங்குகிற அவசரத்தில் பேசாமல் விட்டேன். இருபத்திரண்டு!

"எப்பவும் முருகான்னு சொல்லிட்டுத்தானே விடுவே? இன்னிக்கு சாமியோட சண்டையா?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. நீ ஸ்கேலைப் பார்த்தா பிடித்தாய்? என் குரலைக் கேட்டல்லவா பிடித்திருக்கிறாய்! ரிங்கில் எதிரே நிற்கிறவள் முருகா சொல்லிவிட்டா குத்துவாள்?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. இனி மனசுக்குள்ளேயே கூப்பிடுகிறேன். அவனுக்குக் கேட்கும், உனக்குக் கேட்காது.

உன் அம்மா