வெள்ளிக்கிழமையில் வந்த தவணை

என் அன்பு அத்தைக்கு,

இன்று வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து, வாசலில் கோலம் போட்டு, உங்கள் படத்துக்குப் பூவும் வைத்துவிட்டேன். அடுத்துச் செய்யப்போகிற காரியத்தை உங்களிடம் சொல்லாமல் செய்ய மனசு வரவில்லை. வீட்டுக் கடன் தவணையை இன்றைக்குக் கட்டப்போகிறேன். ஆமாம், வெள்ளிக்கிழமையில்தான். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

உங்கள் மகன் வீட்டை விற்றுவிடலாம் என்கிறார். நீங்கள் இருந்தவரை அந்தப் பேச்சை எடுக்க அவருக்குத் தைரியம் இருந்ததா? நீங்கள் போன பிறகு பைனான்ஸ்காரர்கள் வட்டியை ஏற்றிவிட்டார்கள். மாதாமாதம் கட்டுகிற பணத்தில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது, அசல் நகரவே மாட்டேன் என்கிறது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி ஓட்டி அவருக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டது. "அறுவது வயசு தாண்டியும் நான் ஸ்டியரிங் புடிச்சுக்கிட்டே இருக்கணுமா தமிழு? வித்துட்டு வாடகைக்குப் போயிடுவோம்" என்றார். பக்கத்து மனைக்காரர் அட்வான்சோடு தயாராக இருக்கிறார்.

வாடகை வீட்டில் தண்ணீர்க் குழாய்க்கு வீட்டுக்காரரிடம் கைகட்டி நின்ற கதையை நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! உங்கள் கழுத்துச் சங்கிலியைப் போட்டு எழுப்பிய சுவர் இது. கொஞ்ச நாள் பொறுங்கள் என்று அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

என் எண்ணம் இதுதான். வங்கி ஒன்று நம் கடனைப் பைனான்ஸ்காரர்களிடம் மொத்தமாக அடைத்துவிடும். அதன் பிறகு நாம் வங்கிக்குக் குறைந்த வட்டியில் கட்டிக்கொண்டு போகலாம். என்னோடு ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண் அப்படித்தான் மாற்றிக்கொண்டாள். அரியலூரில் ஒரு வங்கிக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்த சார், "ஸ்கோர் ரொம்பக் கம்மிங்க" என்று சொல்லிக் காகிதங்களைத் திருப்பித் தந்துவிட்டார். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று நமக்கு மார்க் போடுகிறார்களாம். பத்தாம் வகுப்பில்கூட நான் எதிலும் பெயிலானதில்லை அத்தை.

விடுவேனா? லீவு போட்டுப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு வங்கியில் கடன் பார்க்கிற மேடம் என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"இங்க மூணு மாசம் சுத்தமா கட்டவே இல்லையே?"

"எங்க அத்தை திருச்சி ஆஸ்பத்திரியில இருந்தாங்க மேடம்."

"சரி, அது புரியுது. அதுக்கு முன்னாடியும் வருசக்கணக்கா தள்ளித் தள்ளித்தானே கட்டியிருக்கீங்க? அப்பல்லாம் காசு இல்லையா?"

"இருந்துச்சு மேடம்."

"அப்புறம் என்னங்க?"

என்னவென்று சொல்வது? வாயைத் திறந்தால், "வெள்ளிக்கிழமைங்க" என்றுதான் வந்தது. அந்த மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நீங்களே சொல்லுங்கள், நான் பொய்யா சொன்னேன்? ஏழாம் தேதி தவணை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கடை சாத்தும்போதுதான் என் கையில் சம்பளம் வரும். நான் வீடு வந்து சேர்வதற்குள் நீங்கள் விளக்கேற்றியிருப்பீர்கள். விளக்கு வைத்த பிறகு காசு வெளியே போகக்கூடாது. மறுநாள் வெள்ளியாகவோ செவ்வாயாகவோ இருந்தால் அன்றைக்கும் கூடாது. வெள்ளியை விட்டால் சனி, ஞாயிறு வசூல்காரர் வரமாட்டார். அவர் வெள்ளிக்கிழமை வெயிலில் வந்து வாசலில் நின்றால், "தம்பி, மோரு குடி. வெள்ளிக்கெழமை அதுவுமா வூட்டுலேர்ந்து காசு குடுப்பாங்களா? திங்கக்கெழமை வாங்கிக்க. நாங்க எங்க ஓடிப்போவப் போறோம்?" என்பீர்கள். அவரும் மோரைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். ஒவ்வொரு டம்ளர் மோருக்கும் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் நமக்கு மார்க் குறைந்துகொண்டிருந்தது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இதற்காக உங்களோடு எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன்! அபராதம் போடுகிறார்கள் அத்தை, ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீர்கள் என்று கத்தியிருக்கிறேன். நீங்கள் காதில் வாங்காமல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். அந்த மேடம் முன்னால் உட்கார்ந்திருந்தபோது உங்கள்மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மனசுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குள் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார். "உங்க அத்தை தவறிட்டாங்கன்னு சொல்றீங்க. அதுக்கு அப்புறமும் தள்ளிப்போயிருக்கே? இப்பல்லாம் செல்லுலயேதானே கட்டுறீங்க? வீட்டுல யாரு வேணாங்குறா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளம் இப்போது கணக்கிலேயே ஏறிவிடுகிறது. செல்போன் கையில் இருக்கிறது, ஒரு பட்டனை அழுத்தினால் போதும். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் செல்போனை எடுப்பேன், நீங்கள் எப்போதும் நிற்கிற அடுப்படி வாசலைப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். இத்தனை சண்டை போட்டவள் ஏன் அப்படிச் செய்தேன்? வெள்ளிக்கிழமையில் கட்டிவிட்டால் நீங்கள் இந்த வீட்டில் இல்லை என்பது உறுதியாகிவிடும் என்று பயந்தேனா? இதையெல்லாம் வங்கியில் உட்கார்ந்து சொல்ல முடியுமா? எனக்கு அழுகைதான் வந்தது. அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆறு மாசம் ஒரு நாளும் தள்ளாம கட்டிட்டு வாங்க. மறுபடியும் போட்டுப் பாக்குறேன். கண்டிப்பா கெடைக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா இதுல ஒண்ணு தவறினாலும் என்கிட்ட வந்து பிரயோசனம் இல்லைங்க" என்றார். உங்கள் மகனும் அதுவரை பொறுப்பதாகச் சொன்னார். ஆறு மாதத்தில் ஆகாவிட்டால் அட்வான்சை வாங்கிவிடுவாராம்.

ஐந்து மாதம் ஓட்டிவிட்டேன். இடையில் ஒரு செவ்வாய் வந்தது. பில் போடுகிற பெண்ணிடம் கைமாற்று வாங்கித் திங்கள் மத்தியானமே கட்டித் தப்பித்தேன். இந்த மாதம் அவள் வீட்டில் வளைகாப்பு, அவளிடம் கேட்க முடியாது. சம்பளம் நேற்று விளக்கு வைத்த பிறகுதான் ஏறியது. மேடம் சொன்ன ஆறில் கடைசித் தவணை, ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை. எனக்கென்று பார்த்து வருகிறது பாருங்கள்!

காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். இட்லி ஊற்றினேன், துணி ஊறவைத்தேன், பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினேன். உங்கள் மகன் டீ டம்ளரோடு வந்து நின்றார்.

"கட்டிட்டியா?"

"இன்னும் இல்லைங்க."

"அம்மா இருந்தா திட்டும்ல?"

"திட்டும்."

சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். "செத்த இரு. உப்பு வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வீட்டை விற்றுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுசன் அத்தை!

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காசு போகக்கூடாத வெள்ளிக்கிழமையில் நீங்கள் ஒன்றுக்கு மட்டும் காசு கொடுப்பீர்கள். கடைக்குப் போய்க் கல்லுப்பு வாங்கி வருவீர்கள். இது மட்டும் செலவில்லையா என்று நான் மடக்கினால், "உப்பு மகாலட்சுமி தாயி. அது வூட்டுக்குள்ள வருதுல்ல? அது எப்படிச் செலவாவும்?" என்பீர்கள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அவர் வந்துவிட்டார். உப்புப் பாக்கெட்டை என்னிடம் கொடுக்கவில்லை. அவரே வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்து, உங்கள் ஜாடியில் கொட்டி மூடினார். பிறகு என்னைப் பார்த்து, "ம், கட்டு" என்றார். பட்டனை அழுத்திவிட்டேன். பணம் போய்ச் சேர்ந்ததாக உடனே மெசேஜ் வந்தது. இரண்டு பேருமே அடுப்படி வாசலைப் பார்த்தோம்.

வங்கியில் என்ன சொல்வார்களோ தெரியாது. திங்கட்கிழமை பெரம்பலூருக்குப் போகிறோம், அவரும் லாரிக்கு லீவு சொல்லிவிட்டார். அங்கே இல்லையென்றால் வேறொரு வங்கிப் படியேறுவேன். இனி எந்த ஏழாம் தேதியும் தள்ளிப்போகாது. அது வெள்ளியாக வந்தால் முதலில் உப்பு வாங்குவோம், பிறகு தவணை கட்டுவோம். இன்றைக்குக் காசு வெளியே போய்விட்டது என்று வருத்தப்படாதீர்கள். உங்கள் வீடுதான் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அது எப்படி அத்தை செலவாகும்?

உங்களோடு சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்
உங்கள் மருமகள்,
தமிழரசி