தூங்கியவன் பெயரில் ஒரு சபதம்

அன்பு மில்ட்ரித்துக்கு,

இங்கே நலம். நீயும் அத்தையும் நலமா? நான் சொல்ல, பாதிரியார் எழுதுகிறார்.

நேற்று விருந்தில், ஒவ்வொருவரும் குடித்துச் சபதம் செய்யும் கோப்பை சுற்றி வந்தபோது உன் தம்பி ஓஸ்விக் போதையில் தூங்கிவிட்டான். அவன் மானம் போகக் கூடாதே என்று, தலைவர் விழுந்தாலும் போர்க்களத்தைவிட்டு அசையமாட்டான் என அவன் பெயரிலும் நானே சபதம் செய்தேன். காலையில் தலைவர் அந்தச் சபதத்துக்குப் பரிசாக அவனுக்குப் பொன்வளை அணிவித்து முன்வரிசையில் நிறுத்திவிட்டார்.

"என்னை எழுப்பியிருக்கலாம்ல மாமா?"

"தலைவர்கிட்ட சொல்லி மாத்திடவா?"

"வளையப் போட்டுக்கிட்டு பின்னாடி போவேனா? நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."

அவனுக்கு வலப்பக்கம் இடம் கேட்டு வாங்கிவிட்டேன். என் கேடயத்தில் பாதி அவனை மறைக்கும். பயப்படாதே, ஜெயிப்போம்.

குளிர் அதிகம். எனக்கும் அவனுக்குமாகக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. ஒரே மூட்டையாகக் கட்டு. எங்கே கிடந்தாலும் சேர்ந்துதான் கிடப்போம்.

கடிதம் கொண்டுவரும் படகு கிளம்புகிறது.

உன் பியோர்ன்