முப்பத்தோரு வீட்டுத் துணி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை, உன் மகளுக்கு அந்தக் குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் மகள் நம் முன்னறையில் நடத்தும் பெண்பிள்ளைகளின் படிப்பு வட்டம் பதினான்கு பேரும் ஏழு புத்தகமுமாக வளர்ந்துவிட்டது. பெண்பிள்ளை எட்டாவது தாண்டினாலே அதிசயமாகப் பார்க்கும் தெருவில் இது பெரிய கூட்டம். தலைவி, செயலாளர், கண்டிப்பு எல்லாம் அவளே. அஞ்சாவது பாஸ் செய்தவள் என்ற மரியாதைக்கு எனக்கும் ஒரு பொறுப்பு தந்திருக்கிறாள், கூட்டம் முடிந்ததும் அறையைப் பெருக்குவது.

இஸ்திரிக்கடைக்காரர் மகள் சுருட்டைதான் வட்டத்திலேயே கெட்டிக்காரி. அதுவே வினையாயிற்று. அவள் அப்பாவுக்கு எழுத்து தெரியாது, எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று உள்பக்கம் புள்ளியும் கோடும் போட்டு வைப்பார். படிக்கக் கற்ற ஜோரில் இவள் அதையெல்லாம் மையால் அடித்துவிட்டு முப்பத்தோரு வீட்டுக்காரர் பேரையும் முத்து முத்தாக எழுதிவிட்டாள். தெருவே மெச்சியது. மறுநாள் வாட்ச்மேன் சட்டை பல் டாக்டருக்கும் பல் டாக்டர் சட்டை வாட்ச்மேனுக்கும் போயிற்று, வாட்ச்மேன் மட்டும் குறை சொல்லவில்லை. உடனே அப்பா, பேர் பார்த்துத் துணி பிரிக்க ஆள் வேண்டுமென்று மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். படித்ததால் படிப்பு போயிற்று. முப்பது நாள் வராவிட்டால் பேரை அடித்துவிடுவோம் என்று தலைமையாசிரியை சொல்லியனுப்பியபோது இருபத்தாறு நாள் ஓடியிருந்தது.

நான் கடைக்காரரிடம் நியாயம் பேசப் போனேன். பழையபடி புள்ளி வைத்துக்கொள்ளலாமே என்றேன். எழுத்தைப் பார்த்துப் பழகியவர்களிடம் புள்ளி வைத்த துணியைக் கொடுத்தால் கடைக்கு என்ன கௌரவம் என்று என்னையே கேட்டார். மகள் எழுத்தில் அவ்வளவு பெருமை, மகளை அனுப்பத்தான் மனசில்லை. பக்கத்தில் துணிக்குத் தண்ணீர் தெளித்தபடி அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நம் வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு முப்பத்தோரு பேரு மட்டும் தெரிஞ்சா போதும்மா. நாலு நாள்ல வருமா?"

பதினெட்டு வயசுக்கு மேல் சேர்ப்பதில்லை என்பது வட்டத்தின் சட்டம். உன் மகள் யோசித்துப் பார்த்து, அவளைப் பதினெட்டு என்றே எழுதிக்கொண்டாள். நம் வீட்டில் பொய் சொல்லும் பழக்கமே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், நீ இதை வெளியே விடாதே. அப்புறம் நாலு நாளும் முன்னறை முழுக்க அந்நியர் சட்டைதான். காலர் காலராகப் பிடித்துச் சுருட்டை தன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள், தப்பினால் தலையில் குட்டும் வைத்தாள். முப்பதாம் நாள் காலை மகள் பள்ளிக்கூடம் போனாள், அம்மா மூட்டை பிரித்தாள். இரண்டு துணி வீடு மாறியது. மாறியது என்று பேரைப் பார்த்துக் கண்டுபிடிக்கத்தான் கடைக்காரருக்கு வழியில்லை.

முப்பத்தோரு பேரோடு சுருட்டையின் அம்மா நின்றுவிடுவாள் என்றுதான் நினைத்தோம். நேற்று கடைக்காரர் வந்து, பெட்டி சூடேறிப்போய்க் கிடக்கிறது, யார் தேய்ப்பது என்று நம் வாசலில் நின்று சத்தம் போட்டார். வட்டத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த அவள் புத்தகத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"இந்தப் பக்கம் முடியட்டும், இருங்க."

எழுத்துக் கூட்டிப் படிப்பவள், ஒரு பக்கத்துக்கு அரைமணி ஆகும். அவர் நின்றார்.

நீ நூறு வயசு நல்லபடி இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு உன் நினைவாகவே இருக்கும்
அம்மா