புத்தகத்தில் இருக்கிற ஐறீன்

கொட்டாஞ்சேனை
02.06.2025

அன்புள்ள ஐறீனுக்கு,

நுகேகொடையில், உமது தங்கச்சி வீட்டில், சுகமாக இருக்கிறீர் என்று நம்புகிறேன். தொலைபேசியில் கதைத்தால் மகன் றொஹான் பக்கத்தில் வந்து நிற்கிறான், அதனால் எழுதுகிறேன். தடுமாறாமல் இருக்க, சொல்லப் போவதை முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

1. வீட்டு நிலைமை.
2. றொஹானின் தொழிலும் என் புத்தகமும்.
3. 14ஆம் திகதி மேடையில் நீர் இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்பது.
4. உமது இருமல்.

முதலாவது. நான் நலம். மருமகள் றஷ்மி நன்றாகத்தான் பார்க்கிறாள். ஆனால் அவளிடம் தேநீர் கேட்க இன்னும் கூச்சமாக இருக்கிறது. அவளாகத் தரும்வரை இருக்கிறேன்.

இரண்டாவது. "மனம் கோணாத வீடு" மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது. ஓய்வுபெற்ற பின் பொழுது போகாமல் நம் மணவாழ்க்கையைப் பற்றி எழுதியது, மகனின் கலியாணச் சேவைக்கு இப்படி உதவும் என்று நான் நினைக்கவேயில்லை. பொருத்தம் பார்க்க வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கிறான். பெயர்ப்பலகையில் நம் இருவரின் படம். "அப்பா, நீங்களும் அம்மாவும்தான் பிஸ்னஸ், நான் சும்மா ஃபோன் எடுக்கிற ஆள்" என்கிறான். நீர் கோபித்துக்கொண்டு போனது வெளியே தெரிந்தால் ஒரு சம்பந்தமும் வராதாம். தங்கச்சிக்குத் துணையாகப் போயிருக்கிறீர் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை, ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.

மூன்றாவது. வெளியீடு வெள்ளவத்தை மண்டபத்தில். கலியாணத்துக்கு இருக்கிற பிள்ளைகள் நம் இருவரிடமும் கேள்வி கேட்பார்களாம். நான் சபையில் பேசிப் பழகாதவன் என்று உமக்குத் தெரியும். நீர் பக்கத்தில் இருந்தால்தான் எனக்கு வாய் திறக்கும். வாரும்.

நாலாவது. கொத்தமல்லி அவித்துக் குடியும்.

உமது,
கிளெமென்ற்


நுகேகொடை
06.06.2025

இஞ்சருங்கோ,

இருமல் நின்றிட்டுது. நாலாவதுக்கு முதல் பதில்.

நான் ஏன் வந்தனான் என்று நீங்கள் இன்னும் கேட்கேல்லை. உங்கட நாலு விஷயத்தில ஒன்றாகக்கூட அது இல்லை.

உங்கட புத்தகத்தில ஒரு ஐறீன் இருக்கிறா. கோபமே வராது. எதிர்த்துக் கதைக்கமாட்டா. உங்களுக்குப் பசிக்க முதலே சோத்துக் கோப்பை வைப்பா. நல்ல மனுசிதான், எனக்கு அவவைத் தெரியாது. போன மாதம் சந்தையில பழுதாப்போன பாரை மீனை என்ர தலையில கட்டப் பார்த்தவனோட சத்தம் போட்டன். பக்கத்தில நின்ற பிள்ளை, "ஆன்டி, நீங்க சத்தம் போடமாட்டீங்கதானே? புத்தகத்தில வாசிச்சேனே" என்றாள். மீன்காரனுக்கு அது போதும். "அப்ப இதையும் அன்பா வாங்கிட்டுப் போங்க ஆன்டி" என்றான். சுத்தியிருந்த சனமெல்லாம் சிரிச்சுது. வாங்கிக்கொண்டு வந்து சமைச்சன். நீங்களும் மகனும் சாப்பிட்டிட்டு ஒன்றும் சொல்லேல்லை. அன்றைக்குத்தான் பையை எடுத்தனான்.

நாங்கள் எவ்வளவு சண்டை பிடிச்சிருக்கிறம்! ஒருக்கா மூன்று கிழமை, இருபத்தொரு நாள், உங்களோட கதைக்காமல் இருந்தனான். பிறகு கதைச்சமே. அதையெல்லாம் ஏன் வெட்டினீங்கள்?

மேடைக்கு நான் வரமாட்டன். நீங்கள் வாங்கோ. வெளியீட்டுக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை, உடுப்பை எடுத்துக்கொண்டு 138 பஸ்ஸில ஏறுங்கோ. இஞ்ச முன்னறை சும்மா கிடக்கு. ரெண்டு பேரும் நல்லாச் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கலாம். தங்கச்சிக்குக் காது கேட்காது.

வெள்ளிக்கிழமை வராட்டி, பிறகு வரவேண்டாம்.

ஐறீன்


கொட்டாஞ்சேனை
15.06.2025

அன்புள்ள ஐறீனுக்கு,

வெள்ளிக்கிழமை புறப்பட்டேன். அதை நீர் நம்பவேண்டும்.

பையோடு வாசலுக்கு வந்தபோது றொஹான் நின்றான். அந்தோனியார் திருநாள் அல்லவா, "கோயிலுக்கோ அப்பா? நில்லுங்கோ, நானும் வாறன்" என்று பையைக் கையில் வாங்கிக்கொண்டான். இல்லை, அம்மாவிடம் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஓம், கோயிலுக்குத்தான்" என்றுதான் வந்தது. கொச்சிக்கடைக் கோயில் சனத்துக்குள் அவன் என் பையையும் சுமந்துகொண்டு என் பக்கத்தில் நின்றான். திரும்பி வந்ததும் றஷ்மி என் உடுப்புகளை ஒவ்வொன்றாக அலுமாரியில் அடுக்கினாள். ஏன் கொண்டுபோனேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மனம் கோணாத வீடு அல்லவா.

மறுநாள் மண்டபத்தில், "திருநாள் வெயிலில நின்று அம்மாவுக்குக் காய்ச்சல்" என்று றொஹான் ஒலிவாங்கியில் சொன்னான். சபை "ஐயோ" என்றது. நானும் தலையாட்டினேன்.

ஒரு பிள்ளை எழுந்து, "அங்கிள், ஆன்டி உங்களோட ஒருநாள்கூடக் கோவிச்சதில்லையா?" என்று கேட்டாள்.

"இல்லை மகள்" என்றேன். கை தட்டினார்கள்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்த பையன், "ஆன்டி இப்ப இங்க இருந்தா என்ன சொல்லுவா?" என்றான். நீர் சொல்லுவதுபோல ஒன்றைச் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு உம்மிடம் கேட்க வைத்திருந்த கேள்விகளை எல்லாம் என்னிடமே கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வெளியே கலியாணச் சேவைக்குப் பதிவு செய்யச் சனம் வரிசையில் நின்றது. வாகனத்தில் வரும்போது றொஹான் என் முழங்காலில் தட்டி, "அப்பா, சூப்பர்" என்றான். அடுத்த மாதம் நீர்கொழும்பிலும் ஒன்று வைத்திருக்கிறானாம்.

முதல் கடிதத்தில் நான் மூன்றாவதாக எழுதியது பிழை, ஐறீன். நீர் இல்லாமல் மேடையில் என்னால் இருக்க முடிந்தது.

கிளெமென்ற்