நடு நாற்காலி

தியாகதுருகம்

என்னங்க,

சின்னசேலத்தில் உங்கள் அக்கா வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டது.

நீங்கள் வாங்கிய புது ஸ்பீக்கர் வயரால் பாட்டு துலக்கமாகிவிட்டதா இல்லையா என்று உங்களுக்கும் பக்கத்து வீட்டுத் தனசேகரன் அண்ணனுக்கும் வாக்குவாதம் முற்றியபோது, என்னை எதற்குக் கூப்பிட்டுக் கேட்டீர்கள்? "ரெண்டும் ஒண்ணாத்தாங்க கீது" என்றேன். அண்ணன் சிரித்தார். "காது அவிஞ்சவளே, ஒனக்கு இன்னா தெரியும்?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

நேற்று பாட்டு செட்டைப் போட்டுவிட்டு, எதிரே நட்டநடுவில் கிடக்கும் உங்கள் நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். பாடுகிறவள் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவே, சுவரிலிருந்து பாடினாள். அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பயந்துபோய், வழக்கமாக நான் நிற்கும் சமையலறை வாசலுக்குப் போனேன். அங்கே வெறும் பாட்டுதான்.

அண்ணனைக் கூப்பிட்டுப் பழைய வயரை மாட்டச் சொல்லி, அதே நாற்காலியில் கேட்டேன். கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. "அது சும்மா தோணுதும்மா" என்கிறார். தோன்றுவதும் கேட்பதும் வேறு வேறா? எனக்கு விளங்கவில்லை.

பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுப் பார்த்தேன். இரண்டு போட்டால் யாருக்கும் நடு கிடைக்கவில்லை. எப்படிப் போடுவது? வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்