வசந்தி எழுதிய குறிப்பு

வியாழக்கிழமை

சாலை விரிவாக்க அறிவிப்பில் தவறுதலாகச் சேர்ந்துபோன மீனவர் தெருவை நீக்கி, இன்று அரசிதழில் திருத்தம் வந்துவிட்டது. பிழையைக் கண்டுபிடித்தவள் என் பக்கத்து மேசை வசந்தி.

மத்தியானம் அந்தத் தெருவே எங்கள் அலுவலகத்துக்குத் திரண்டு வந்தது. ஓர் அம்மா வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லாங்காட்டி எங்க வூடெல்லாம் இடிச்சிருப்பானுங்க கண்ணு" என்று அழுதாள். ஒரு பை நிறைய இறால் வேறு. எனக்கு வயிறு எரிந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பதினெட்டு வருஷமாக இருக்கிறேன், எனக்கு ஒருவரும் ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்லை.

"அக்கா, பாதி நீங்க எடுத்துக்கங்க" என்றாள். வீட்டில் இறால் ஆகாது என்று பொய் சொன்னேன்.

கணினியில் வேறொரு பழைய அறிவிப்பைத் திறந்து, அதன் மேலேயே புதியதை அடிப்பது எங்கள் வழக்கம். பழையதில் இருந்த மீனவர் தெருவின் பெயர் அழிக்கப்படாமல் அப்படியே தங்கிவிட்டது. ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். அரசிதழ் வந்த அன்றே பிழையைப் பார்த்தேன். சொன்னால் மெமோ வரும் என்று பயந்து, இதழை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

வேறெதற்கோ சாவி கேட்ட வசந்தி அதை எடுத்துப் படித்திருக்கிறாள். கோப்பில் என் கையெழுத்தையும் பார்த்திருப்பாள். ஆனால் அதிகாரிக்கு வைத்த குறிப்பில் "எங்கள் பிரிவின் கவனக்குறைவு" என்று மட்டும்தான் எழுதியிருந்தாள்.

என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், அவளைத் திட்டிக்கொண்டே நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.